சுஜாதா (எழுத்தாளர்)

சுஜாதா (மே 3, 1935 - பெப்ரவரி 27, 2008) தமிழின் மிகப் பரவலாக வாசிக்கப்பட்ட எழுத்தாளர்களில் ஒருவரும் மின்னணுப் பொறியாளரும் ஆவார். இவரது இயற்பெயர் எஸ். ரங்கராஜன். சுஜாதா என்பது இவருடைய மனைவியின் பெயர். அதையே புனைபெயராகக் கொண்டார். சிறுகதை, புதினம், நாடகம், கட்டுரை, திரைக்கதை எனப் பல துறைகளில் எழுதினார். அறிவியலையும் கணினியியலையும் பொது வாசகர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்ன முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய காலத்தில், இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் உற்பத்தியிலும் முக்கியப் பங்காற்றினார்.

இளமை

சுஜாதா சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்தார். தந்தையாரின் பணியிட மாற்றங்கள் காரணமாகச் சிறு வயதிலேயே ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் வீட்டில் விடப்பட்டு அங்கேயே வளர்ந்தார். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த தீவு நகரமாகும். அரங்கநாதர் கோயிலின் ஏழு திருச்சுற்றுகளில் வெளிச் சுற்றுகள் மக்கள் வாழும் வீதிகளாகவே இருக்கின்றன. சித்திரை வீதி, உத்திர வீதி, அடையவளைந்தான் போன்ற இவ்வீதிகளில் கழிந்த இளமைக்காலம் பிற்காலத்தில் இவரது எழுத்தில் திரும்பத் திரும்ப இடம்பெற்றது.

ஸ்ரீரங்கம் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் பள்ளிப் படிப்பை முடித்தார். இவரது முதல் சிறுகதை, திருச்சிராப்பள்ளியிலிருந்து வெளிவந்த 'சிவாஜி' இதழில் 1953 ஆம் ஆண்டு வெளியானது.

கல்வி

பள்ளிப் படிப்புக்குப் பின் திருச்சிராப்பள்ளி புனித ஜோசப் கல்லூரியில் சேர்ந்து இயற்பியலில் இளநிலைப் பட்டம் பெற்றார். 1844 ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் இயேசு சபையினரால் தொடங்கப்பட்ட இக்கல்லூரி, 1883 ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளிக்கு மாற்றப்பட்டது. பிற்காலத்தில் இந்தியக் குடியரசுத் தலைவரான ஆ. ப. ஜெ. அப்துல் கலாமும் இதே காலத்தில் இங்கு இயற்பியல் பயின்றார்.

தொடர்ந்து சென்னைக் குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. எனப்படும் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் பயின்றார். 1949 ஆம் ஆண்டு சி. ராஜம் அவர்களால் நிறுவப்பட்ட இக்கல்லூரியில், வானூர்திப் பொறியியல், தானுந்துப் பொறியியல், மின்னணுவியல், கருவியியல் ஆகிய புதிய துறைகள் கற்பிக்கப்பட்டன. அப்துல் கலாம் இங்கும் இவருடைய சமகால மாணவராக இருந்தார்.

அரசுப் பணி

படிப்பு முடிந்ததும் இந்திய அரசின் பொது வானூர்திப் போக்குவரத்துத் துறையில் சேர்ந்தார். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, தகவல் தொடர்பு, ராடார் ஆகிய பிரிவுகளில் சென்னையிலும் டெல்லியிலும் பணிபுரிந்தார். டெல்லி வாழ்க்கை இவரது தொடக்ககாலக் கதைகள் பலவற்றுக்குக் களமாக அமைந்தது.

1970 ஆம் ஆண்டளவில் அரசுப் பணியிலிருந்து விலகி, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 1954 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இப்பொதுத்துறை நிறுவனம், பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. ராடார்களும் தகவல் தொடர்புக் கருவிகளும் இதன் முதன்மையான தயாரிப்புகள். சுஜாதா இங்கு ஆராய்ச்சி மேம்பாட்டுப் பிரிவில் படிப்படியாக உயர்ந்து பொது மேலாளர் பொறுப்பை வகித்தார். 1990களில் ஓய்வு பெற்றுச் சென்னையில் குடியேறினார். பகலில் பொறியாளராகவும் மற்ற நேரங்களில் எழுத்தாளராகவும் இவர் வாழ்ந்த இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் இப்பெங்களூர்க் காலத்தில் அடங்கும்.

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்

பின்னணி

தேர்தலில் மின்னணுக் கருவியைப் பயன்படுத்தும் எண்ணத்தை 1977 ஆம் ஆண்டு அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் எஸ். எல். ஷக்தர் முன்வைத்தார். ஐதராபாத்தில் உள்ள எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேசன் ஆப் இந்தியா நிறுவனம் 1979 ஆம் ஆண்டு ஒரு மாதிரியை உருவாக்கியது. 1980 ஆகஸ்டு 6 அன்று தேர்தல் ஆணையம் இதை அரசியல் கட்சிகளின் பிரதிநிதிகளுக்கு இயக்கிக் காட்டியது. ஏறத்தாழ இதே காலத்தில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும், தன் தொழிற்சங்கத் தேர்தல்களுக்குப் பயன்படக்கூடிய நுண்கணினி அடிப்படையிலான ஒரு கருவியை உருவாக்கியிருந்தது. எனவே இரு நிறுவனங்களும் இப்பணிக்குத் தேர்வு செய்யப்பட்டன.

இவ்வியந்திரத்தைக் கண்டுபிடித்தவர் சுஜாதா என்று பல இடங்களில் எழுதப்படுவதுண்டு. இது முழுமையான கூற்று அன்று. இரு பொதுத்துறை நிறுவனங்களின் பொறியாளர் குழுக்களும், வெளித்தோற்றத்தை வடிவமைத்த மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில்வடிவமைப்பு மைய ஆசிரியர்களும் இதில் பங்கு கொண்டனர். பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இதன் வடிவமைப்பையும் உற்பத்தியையும் மேற்பார்வையிட்டவர் என்பதே சுஜாதாவின் பங்களிப்பைச் சரியாகக் குறிப்பதாகும். இப்பணிக்காக இவருக்கு வாஸ்விக் விருது வழங்கப்பட்டது.

இயங்கும் முறை

இயந்திரம் இரு பகுதிகளைக் கொண்டது. ஒன்று வாக்குச்சாவடி அலுவலரிடம் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி. மற்றொன்று மறைவிடத்தில் வாக்காளர் முன் இருக்கும் வாக்களிப்புக் கருவி. இரண்டையும் 5 மீட்டர் நீளமுள்ள கம்பிவடம் இணைக்கிறது. மின்கலத்தால் இயங்குவதால் மின்சாரம் இல்லாத சிற்றூரிலும் இதைப் பயன்படுத்தலாம். எந்த வலையமைப்புடனும் இது இணைக்கப்படுவதில்லை.

அலுவலர் தம் கருவியில் வாக்குப் பொத்தானை அழுத்தியதும் வாக்களிப்புக் கருவியில் பச்சை விளக்கு எரியும். வாக்காளர் தாம் விரும்பும் சின்னத்துக்கு எதிரே உள்ள நீலப் பொத்தானை அழுத்தினால், அதன் அருகே சிவப்பு விளக்கு எரிந்து ஒலி எழும், வாக்குப் பதிவாகிவிடும். அதன்பின் எந்தப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. அலுவலர் அடுத்த வாக்காளருக்காக மீண்டும் அழுத்தினால்தான் கருவி அடுத்த வாக்கை ஏற்கும். வாக்குச்சாவடியைக் கைப்பற்றி வாக்குச்சீட்டுகளில் மொத்தமாக முத்திரை குத்துவது அக்காலத்தில் பெரும் சிக்கலாக இருந்தது. ஒவ்வொரு வாக்குக்கும் குறிப்பிட்ட நேரம் தேவைப்படும்படி அமைத்ததன் மூலம், அத்தகைய முறைகேட்டின் வேகம் கட்டுப்படுத்தப்பட்டது. அலுவலர் முடிவுப் பொத்தானை அழுத்திவிட்டால் பிறகு ஒரு வாக்கும் பதிய முடியாது.

ஒரு வாக்களிப்புக் கருவியில் 16 பேரின் பெயர்களுக்கு மட்டுமே இடமுண்டு. வேட்பாளர்கள் அதிகமானால் இரண்டாவது கருவியை முதல் கருவியுடனும், மூன்றாவதை இரண்டாவதுடனும் இணைக்க வேண்டும். முதல் கருவி மட்டுமே கட்டுப்பாட்டுக் கருவியுடன் நேரடியாக இணைக்கப்படும். ஒவ்வொரு கருவியிலும் ஒரு நகர்த்துவிசை உண்டு. அக்கருவி வரிசையில் எத்தனையாவது என்பதை அவ்விசையை 1, 2, 3, 4 என்னும் நிலைகளில் வைத்துக் குறிக்க வேண்டும். தொடக்ககால இயந்திரங்களில் இவ்வாறு 4 கருவிகள், அதாவது 64 பெயர்கள் வரை இணைக்க முடிந்தது. பிந்தைய இயந்திரங்களில் இவ்வரம்பு 24 கருவிகளாக, அதாவது 384 பெயர்களாக உயர்த்தப்பட்டது.

இவ்வரம்பு வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 1996 தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1033 வேட்பாளர்கள் போட்டியிட்டனர். அங்கு வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாகவே அச்சிடப்பட்டது. 2019 மக்களவைத் தேர்தலில் நிசாமாபாத் தொகுதியில் 185 பேர் போட்டியிட்டதால் ஒவ்வொரு சாவடியிலும் 12 வாக்களிப்புக் கருவிகள் இணைக்கப்பட்டன. 2024 இல் கரூர் மக்களவைத் தொகுதியில் 54 பேர் போட்டியிட்டனர். எவருக்கும் வாக்கில்லை என்பதற்கான பொத்தானையும் சேர்த்து 55 பொத்தான்கள்; இதற்கு 4 கருவிகள் தேவை.

கணினிக் குறுக்கீடுகளுடன் ஒப்பீடு

தொலைவில் உள்ள ஒரு பொத்தானின் குறிப்பலை, இடையில் உள்ள பல கருவிகளைக் கடந்து, தான் எங்கிருந்து வந்தது என்ற அடையாளம் மாறாமல் நடுக் கருவியை அடைய வேண்டும். கணினிப் பொறியியலில் இதே சிக்கல் குறுக்கீடு எனப்படும் அமைப்பில் எழுகிறது. மின்னணுவியல் மாணவர்கள் இவ்வியந்திரத்தைப் புரிந்துகொள்ள இவ்வொப்பீடு உதவும்.

விசைப்பலகை, வட்டு, வலையமைப்பு அட்டை போன்ற வன்பொருள்கள் செயலியின் கவனத்தைக் கோரும்போது அனுப்பும் மின்குறிப்பே குறுக்கீடு ஆகும். குறுக்கீடு வந்ததும் செயலி தான் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவைத்துவிட்டு, இயங்குதளத்தின் கருவில் அவ்வன்பொருளுக்கென எழுதப்பட்ட நிரலை இயக்கும். ஒன்றைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது அதே தடத்தில் மற்றொன்று நுழையாதபடி கரு அத்தடத்தைத் தற்காலிகமாக மூடி வைக்கும். ஒரு வாக்குப் பதிவானதும் அலுவலர் மறுபடி அனுமதிக்கும் வரை எல்லாப் பொத்தான்களும் செயலற்றுப்போவது இதற்கு இணையான ஏற்பாடாகும்.

1981 ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம். தனிமேசைக் கணினியில் 8 குறுக்கீட்டுத் தடங்களே இருந்தன. எந்த அட்டை எந்தத் தடத்தைப் பயன்படுத்தும் என்பதை, அட்டையில் உள்ள சிறு இணைப்பூசிகளை மாற்றிப் பயனரே அமைக்க வேண்டும். இரு அட்டைகளுக்கு ஒரே எண் அமைந்துவிட்டால் ஒன்றோ இரண்டுமோ இயங்காமற் போகும். 1984 இல் வந்த ஏ.டி. கணினியில் குறுக்கீடுகளைக் கட்டுப்படுத்தும் சில்லுகள் இரண்டு இருந்தன. இரண்டாவது சில்லின் வெளியீடு முதல் சில்லின் ஒரு தடத்தில் இணைக்கப்பட்டது. அத்தடம் இணைப்புக்கே செலவானதால், 16 தடங்களுள் 15 மட்டுமே பயன்பாட்டுக்குக் கிடைத்தன. சங்கிலியாக இணைக்கப்படும் வாக்களிப்புக் கருவிகளும் அவற்றின் நகர்த்துவிசைகளும் இதே காலப் பொறியியலின் இயல்பைக் கொண்டவை.

1992 இல் இன்டெல் நிறுவனம் அறிமுகப்படுத்திய பி.சி.ஐ. என்னும் பாட்டை, வாக்குப்பதிவு இயந்திரம் உருவான பிறகு வந்தது. இதில் அடையாளத்தைக் கையால் அமைக்கும் வேலையைக் கரு ஏற்றுக்கொண்டது. ஒரு பாட்டையில் இடம் போதாதபோது பாலம் எனப்படும் சில்லின் வழியாக மற்றொரு பாட்டை இணைக்கப்படும். ஒவ்வோர் அட்டைக்கும் ஏ, பி, சி, டி என நான்கு குறுக்கீட்டு முனைகள் உண்டு; ஆனால் பெரும்பாலான அட்டைகள் ஏ முனையை மட்டுமே பயன்படுத்துகின்றன. பாலத்துக்குப் பின்னால் உள்ள எல்லா ஏ முனைகளையும் ஒன்றாக இணைத்தால் ஒரே தடத்தில் நெரிசல் ஏற்படும். இதைத் தவிர்க்க முனைகள் சுழற்றப்படுகின்றன. முனைகளுக்கு 0 முதல் 3 வரை எண்ணிட்டு, அட்டையின் இட எண்ணுடன் முனையின் எண்ணைக் கூட்டி 4 ஆல் வகுத்தால் வரும் மீதியே பாலத்துக்கு மேலே அக்குறிப்பு தோன்றும் முனையாகும்.

எடுத்துக்காட்டாக, பாலத்துக்குப் பின் 5 ஆம் இடத்தில் உள்ள அட்டையின் ஏ முனையை எடுத்துக்கொள்வோம். 5 உடன் 0 ஐக் கூட்டி 4 ஆல் வகுத்தால் மீதி 1. எனவே அது பாலத்துக்கு மேலே பி முனையாகத் தோன்றும். அப்பாலமே மற்றொரு பாலத்துக்குப் பின்னால் 2 ஆம் இடத்தில் இருந்தால், 2 உடன் 1 ஐக் கூட்ட 3 வரும். அங்கு அது டி முனையாகிறது. கரு இவ்வாறு பாலம் பாலமாக மேலேறி முதல் பாட்டையை அடைந்து, அங்குள்ள முனை எந்தத் தடத்தில் சேர்கிறது என்பதைத் தாய்ப்பலகையின் நிலைப்பொருள் தரும் அட்டவணையில் பார்த்துக்கொள்ளும். அட்டவணை தவறாக இருந்தால் குறுக்கீடு வேறு தடத்தில் வந்து சேரும். அதை எந்த நிரலும் தனதென்று ஏற்காதபோது, கரு இறுதியில் அத்தடத்தையே மூடிவிடும். பிற்காலப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் அமைப்பில் தனிக் கம்பிகளுக்குப் பதிலாகக் குறுக்கீடுகள் செய்திகளாகவே அனுப்பப்படுகின்றன.

கணினியில் அடையாளம் பிசகினால் ஓர் அட்டை இயங்காமல் போகும். வாக்குச்சாவடியில் அடையாளம் பிசகினால் ஒருவருக்குரிய வாக்கு மற்றொருவருக்குச் சென்றுவிடும். ஆகவே வாக்குப்பதிவு இயந்திரத்தில் இணைப்புச் சரியாக இல்லாவிடில், கட்டுப்பாட்டுக் கருவி இணைப்புப் பிழை எனக் காட்டி, வாக்கை ஏற்காமல் நின்றுவிடும். வாக்குப்பதிவு தொடங்கும் முன் வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி ஒவ்வொரு பொத்தானையும் சரிபார்ப்பதன் நோக்கமும் இதுவே.

பரவூர் தேர்தலும் நீதிமன்றத் தீர்ப்பும்

இயந்திரம் முதன்முதலாக 1982 மே 19 அன்று, கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் பயன்படுத்தப்பட்டது. அத்தேர்தலில் சிவன் பிள்ளை 123 வாக்குகள் வேறுபாட்டில் வெற்றி பெற்றார். தோல்வியுற்ற ஏ. சி. ஜோஸ் தொடர்ந்த வழக்கில், 1984 மார்ச் 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தில் இடமில்லாத நிலையில் தேர்தல் ஆணையம் தன் உத்தரவால் மட்டும் இயந்திரத்தைப் பயன்படுத்த இயலாது என்று நீதிமன்றம் கூறி, அந்த 50 சாவடிகளிலும் மறுவாக்குப்பதிவுக்கு ஆணையிட்டது. மறுவாக்குப்பதிவில் ஏ. சி. ஜோஸ் வென்றார்.

இத்தீர்ப்பு இயந்திரம் தவறாக எண்ணியது என்று கூறவில்லை. சட்டத்தின் துணையின்றி அது பயன்படுத்தப்பட்டதையே ஏற்க மறுத்தது. இதனால் உருவாக்கப்பட்ட கருவிகள் பல ஆண்டுகள் பயனின்றி இருந்தன. 1988 டிசம்பரில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டு 61ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அது 1989 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. 1990 ஆம் ஆண்டு பேராசிரியர் எஸ். சம்பத் தலைமையில் அமைந்த தொழில்நுட்பக் குழு இயந்திரத்தை ஆராய்ந்து அதன் பயன்பாட்டைப் பரிந்துரைத்தது. பேராசிரியர் பி. வி. இந்திரேசன் அக்குழுவின் உறுப்பினர்களுள் ஒருவர்.

1998 நவம்பரில் மத்தியப் பிரதேசம், இராசத்தான், டெல்லி ஆகிய மாநிலங்களின் 16 சட்டமன்றத் தொகுதிகளில் இயந்திரம் மீண்டும் பயன்படுத்தப்பட்டது. 2001 இல் தமிழ்நாட்டின் அனைத்துச் சட்டமன்றத் தொகுதிகளிலும், 2004 இல் 543 மக்களவைத் தொகுதிகளிலும் இது பயன்பாட்டுக்கு வந்தது. பரவூரிலிருந்து நாடு முழுவதற்கும் பரவ 22 ஆண்டுகள் ஆயின. சுஜாதா தம் வாழ்நாளிலேயே இதைக் கண்டார்.

பிற்காலச் சர்ச்சைகள்

சுஜாதாவின் மறைவுக்குப் பின் இயந்திரத்தின் நம்பகத்தன்மை குறித்த விவாதம் வலுத்தது. இயந்திரம் கையில் கிடைத்தால் அதன் உட்பகுதிகளை மாற்றி முடிவைத் திருத்த முடியும் என்று 2010 ஆம் ஆண்டு ஆய்வாளர் குழு ஒன்று செய்து காட்டியது. இயந்திரங்கள் முத்திரையிடப்பட்டுப் பாதுகாக்கப்படுவதால் நடைமுறையில் அதற்கு வாய்ப்பில்லை என்பது தேர்தல் ஆணையத்தின் நிலைப்பாடாக இருந்தது. 2013 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம், வாக்காளர் தம் வாக்கைச் சரிபார்க்க உதவும் காகிதச் சான்று தேவை என்று தீர்ப்பளித்தது. விவிபாட் எனப்படும் இவ்வச்சுக் கருவி வாக்களிப்புக் கருவிக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் இடையே பாலம்போல் இணைக்கப்படுகிறது. வாக்களித்த சின்னம் அச்சான தாள், கண்ணாடிச் சாளரத்தின் வழியே 7 நொடிகள் தெரிந்தபின் பெட்டிக்குள் விழும். 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிகளிலும் இது பயன்படுத்தப்பட்டது. வாக்குச்சீட்டு முறைக்குத் திரும்ப வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

எழுத்துப் பணி

1962 ஆம் ஆண்டு குமுதம் இதழில் 'இடது ஓரத்தில்' என்ற சிறுகதை வெளியானது. அவ்விதழில் ஏற்கனவே ரா. கி. ரங்கராஜன் எழுதிவந்ததால், குழப்பத்தைத் தவிர்க்க மனைவியின் பெயரைப் புனைபெயராக ஏற்றார். 1968 இல் அதே இதழில் தொடராக வந்த 'நைலான் கயிறு' இவரது முதல் புதினம். அதில் அறிமுகமான வழக்கறிஞர் கணேஷும், பின்னர் அவருடன் சேர்ந்த உதவியாளர் வசந்தும் தமிழ்த் துப்பறியும் புனைகதையில் புகழ்பெற்ற இணையாயினர்.

குறுகிய வாக்கியங்கள், பேச்சு வழக்கின் ஓசை, காட்சிகளைச் சட்டென மாற்றும் முறை ஆகியவை இவரது நடையின் இயல்புகளாகக் குறிப்பிடப்படுகின்றன. வணிக இதழ்களில் எழுதியதால் சில விமர்சகர்கள் இவரை இலக்கியவாதியாக ஏற்கத் தயங்கினர். எனினும் 'நகரம்' போன்ற சிறுகதைகளும், பூர்ணம் விஸ்வநாதன் குழுவினர் மேடையேற்றிய 'கடவுள் வந்திருந்தார்', 'டாக்டர் நரேந்திரனின் வினோத வழக்கு' முதலிய நாடகங்களும் பரவலான மதிப்பைப் பெற்றன. கணையாழி இதழின் கடைசிப் பக்கத்தில் ஸ்ரீரங்கம் எஸ். ஆர். என்ற பெயரில் இவர் எழுதிய பத்தி, இலக்கியச் சிற்றிதழ் வாசகர்களிடையே தனி இடம் பெற்றது.

'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' தொகுப்பில் தம் இளமைக்கால ஊரையும் மனிதர்களையும் கதைகளாக்கினார். 'குண்டு ரமணி', 'பேப்பரில் பேர்' முதலிய கதைகள் இவ்வகையைச் சேர்ந்தவை. சங்க இலக்கியம், திருக்குறள், ஆழ்வார் பாடல்கள் ஆகியவற்றுக்கு எளிய அறிமுக நூல்களையும் எழுதியுள்ளார்.

அறிவியல், கணினி எழுத்துகள்

தனிமேசைக் கணினி இந்தியாவில் அரிதாக இருந்த காலத்திலேயே அதைப் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கியவர் சுஜாதா. 'கம்ப்யூட்டரே ஒரு கதை சொல்லு', 'சிலிக்கன் சில்லுப் புரட்சி' ஆகியவை இத்துறையில் இவர் எழுதிய நூல்கள். ஜூனியர் விகடனில் வந்த 'ஏன்? எதற்கு? எப்படி?' என்ற கேள்வி-பதில் பகுதியும், மூளையைப் பற்றிய 'தலைமைச் செயலகம்' தொடரும் பள்ளி, கல்லூரி மாணவர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றன.

கலைச்சொற்களில் இவர் நடுவழியைக் கடைப்பிடித்தார். மக்கள் அறிந்த கம்ப்யூட்டர் என்ற சொல்லையும், தமிழில் புதிதாக வந்த சில்லு என்ற சொல்லையும் ஒருசேரப் பயன்படுத்தினார். தூய தமிழை விரும்பியோர் இவர் ஆங்கிலச் சொற்களை அதிகம் கலந்து எழுதுவதாகக் குறை கூறினர். ஆயினும் ஒரு கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தமிழிலேயே முழுமையாக விளக்க முடியும் என்பதற்கு இவருடைய கட்டுரைகள் சான்றாக விளங்குகின்றன. தமிழ் எழுத்துருக்களும் விசைப்பலகைகளும் நிறுவனத்துக்கு ஒன்றாக இருந்த காலத்தில், அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டிய தேவையையும் எழுதிவந்தார். அம்பலம் இணைய இதழின் ஆசிரியராகவும் இருந்தார்.

அறிவியல் புனைகதையில் 'என் இனிய இயந்திரா', அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ' ஆகிய புதினங்கள் குறிப்பிடத்தக்கவை. 1980களில் ஆனந்த விகடனில் வெளிவந்த முதல் புதினம், 2021 ஆம் ஆண்டில் நிகழ்வதாக அமைந்தது. இயந்திரங்களால் கண்காணிக்கப்படும் ஓர் ஆட்சியில், நிலா என்னும் பெண்ணும் ஜீனோ என்னும் இயந்திர நாயும் முதன்மைப் பாத்திரங்களாக வருகின்றனர். வாக்குகளை எண்ணும் இயந்திரத்துக்காக உழைத்த ஒரு பொறியாளர், அதே பத்தாண்டில் இயந்திரம் ஆட்சியாளர் கையில் சிக்கினால் என்னவாகும் என்பதைப் புனைகதையாக எழுதியிருப்பது கவனிக்கத்தக்கது.

திரைப்படத் துறை

இவரது கதைகளைத் தழுவி 'காயத்ரி' (1977), 'ப்ரியா' (1978), 'கரையெல்லாம் செண்பகப்பூ' (1981) ஆகிய படங்கள் வெளிவந்தன. 'விக்ரம்' (1986) படத்தின் கதையும் இவருடையதே. 'ரோஜா' (1992), 'இந்தியன்' (1996), 'முதல்வன்' (1999), 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002), 'அந்நியன்' (2005), 'சிவாஜி' (2007) முதலிய படங்களுக்கு வசனம் எழுதினார். இவர் பணியாற்றிய 'எந்திரன்' இவரது மறைவுக்குப் பின் 2010 இல் வெளியானது.

விருதுகள்

- மின்னணு வாக்குப்பதிவு இயந்திரப் பணிக்காக வாஸ்விக் விருது
- அறிவியலை மக்களிடம் கொண்டுசென்றமைக்காக 1993 இல் தேசிய அறிவியல் தொழில்நுட்பத் தகவல் தொடர்புக் குழுவின் விருது
- தமிழ்நாடு அரசின் கலைமாமணி விருது

மறைவு

சில காலம் உடல்நலம் குன்றியிருந்த சுஜாதா, 2008 பெப்ரவரி 27 அன்று சென்னையில் தமது 72 ஆம் வயதில் காலமானார். ஆனந்த விகடனில் 'கற்றதும் பெற்றதும்' என்ற தலைப்பில் இவர் எழுதிவந்த பத்தி, பிற்கால வாசகர்களுக்கு இவரை அறிமுகப்படுத்திய முதன்மையான எழுத்தாக அமைந்தது. இவரது நூல்கள் இவர் மறைந்த பின்னரும் தொடர்ந்து மறுபதிப்புச் செய்யப்பட்டு வருகின்றன.

எழுதிய நூல்களுள் சில

புதினங்கள்

- நைலான் கயிறு
- கரையெல்லாம் செண்பகப்பூ
- கனவுத் தொழிற்சாலை
- ரத்தம் ஒரே நிறம்
- சொர்க்கத் தீவு
- என் இனிய இயந்திரா
- மீண்டும் ஜீனோ

சிறுகதைத் தொகுப்பு

- ஸ்ரீரங்கத்து தேவதைகள்

அறிவியல் நூல்கள்

- கம்ப்யூட்டரே ஒரு கதை சொல்லு
- சிலிக்கன் சில்லுப் புரட்சி
- ஏன்? எதற்கு? எப்படி?
- தலைமைச் செயலகம்
- ஜீனோம்